மோர் கொடுத்தால் தெளியும்

வீரையன் குடிகாரர் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவர் தொண்டையில் ஒரு சொட்டுச் சாராயம்கூட இறங்கியதில்லை என்பது அவர் மனைவி அமிர்தத்துக்கு மட்டும்தான் தெரியும். ஊரே ஒன்றை நம்பும்போது ஒருத்தி மட்டும் வேறொன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. அமிர்தம் அதைப் பல வருஷம் செய்தாள். செய்து செய்து ஓய்ந்துபோனாள்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர் அது. அவர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லை. வீரையனின் அப்பா காலத்திலிருந்து ஆறு மா நிலத்தை, இரண்டு ஏக்கர் வரும், குத்தகைக்குச் செய்துவந்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் எப்போதோ மெட்ராஸுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சார்பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் காரியஸ்தர் இராஜாங்கம். உழுகிறவனை நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாதபடி சட்டம் போட்டிருக்கிறோம் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் மேடைக்கு மேடை பேசிய காலம். பேச்சு பொய்யில்லை, சட்டமும் இருந்தது. சட்டம் இருந்தால் காரியஸ்தர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களா என்ன? அதில் எந்த இடம் ஓட்டை என்று தேடினார்கள். வீரையன் தானே பயிர் செய்யவில்லை, ஆளை விட்டுச் செய்கிறார், ஆகவே அவர் குத்தகைக்காரரே இல்லை என்று இராஜாங்கம் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார்.

விவசாயிகள் சங்கத்துச் செல்லதுரை வந்து விஷயத்தை விளக்கினான். நல்ல பையன், ஓடியாடி வேலை செய்கிறவன், பாதி படித்தவன். அந்தப் பாதிதான் பின்னால் வினையாக முடிந்தது.

"அண்ணே, சட்டத்துல ஒடலுழைப்புன்னு ஒரு வார்த்த இருக்கு. குத்தகைக்காரன் தன் ஒடம்பு நோவ ஒழைக்கணும். அதுதான் நம்ம பலம். நீங்க வயல்ல எறங்கி வேல செய்யிறவரு, ஊருக்கே தெரியும். அது இருக்கிறவரைக்கும் ஒருத்தனும் அசைக்க முடியாது."

"செய்ய முடியாம போயிட்டா?" என்று வீரையன் கேட்டார்.

"ஏண்ணே முடியாம போவுது? கல்லு மாதிரி இருக்கீங்க" என்று சிரித்துவிட்டுப் போனான்.

வீரையன் காரணத்தோடுதான் கேட்டார். ஒரு மாதமாகத் தாகம் தாங்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை நின்ற நிலையில் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்பார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கொல்லையில் அவர் ஒதுங்கின இடத்தில் எறும்பு மொய்த்ததை அமிர்தம்தான் முதலில் பார்த்தாள். அவளுடைய சித்தப்பா ஒருவர் அப்படித்தான் இளைத்து, கால் விரல் அழுகிச் செத்துப்போனார். 

மன்னார்குடியில் டாக்டர்கள் இல்லாமலில்லை. ஆனால் மன்னார்குடியில் தும்மினால் இராஜாங்கத்துக்குக் கேட்கும். அதனால் இருவரும் தஞ்சாவூருக்கு ரயிலேறினார்கள். டாக்டர் மீரா உசேன் நிதானமான மனிதர். ரத்தம் எடுத்துப் பார்த்தார், சர்க்கரை என்று சொன்னார், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். பிறகு, "என்ன வேல பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"மளிகைக்கடைங்க" என்றார் வீரையன்.

அமிர்தம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப நாள் பூரா உக்காந்த எடந்தான்" என்று டாக்டர் தலையசைத்தார். உட்கார்ந்தே இருக்கும் மனிதருக்கு எவ்வளவு மாத்திரையோ அவ்வளவு எழுதினார். சோற்றைக் குறைக்கச் சொன்னார். சாயங்காலத்தில் காலாற நடந்துவிட்டு வரச் சொன்னார். விடிந்ததிலிருந்து சேற்றில் நடக்கிற மனிதர் அதற்கும் சரி என்று தலையாட்டினார்.

ரயிலில் அவள் கேட்டாள். "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"ஒழைக்கிறவன்னு சொன்னா, ஒழைக்காத, ஓய்வெடுன்னு சீட்டு எழுதுவாரு. அந்தச் சீட்டு நாளைக்குக் கோர்ட்டுல போயி நிக்கும். சீக்காளி எப்படிப்பா ஒழச்சான்னு கேப்பான். நெலம் போயிடும், அமிர்தம். நமக்கு வேற என்ன இருக்கு?"

 அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு முறையை டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து கொஞ்சம், அதில் சிறுநீர் சில சொட்டு, விளக்கில் காட்டிச் சூடாக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறமானால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அந்த நீல மருந்துப் புட்டியை அமிர்தம் துணி துவைக்கிற இடத்தில் வைத்தாள். கேட்டவர்களுக்குச் சலவை நீலம் என்றாள். பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் ஒருநாள் அதில் கொஞ்சம் இரவல் கேட்டுவிட்டாள். தீர்ந்துபோச்சு என்று சொல்லி அனுப்புவதற்குள் அமிர்தத்துக்கு வேர்த்துவிட்டது.

நீலம் வந்தால் இருவருக்கும் சந்தோஷம். வேறு நிறம் வந்தால் வீரையன் இரண்டு வேளை சாப்பிடமாட்டார். நீலம் நல்லது என்று அவர்கள் மனதில் பதிந்துபோனது. அதைவிடப் பெரிய ஏமாற்று வேறில்லை என்பதை அறிய ரொம்ப நாளாயிற்று.

கோடை முழுக்க வயலில் வேலை கிடையாது. பங்குனியிலிருந்து ஆற்றில் மணல்தான். வீரையன் உண்மையாகவே மளிகைக்கடைக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அப்போது குழாயில் செங்கல் நிறம் வரும், டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். பிறகு மேட்டூர் திறந்து தண்ணீர் வரும். வந்தால் ஒரே நேரத்தில் எல்லா வேலையும் வந்து நிற்கும். உழவு, வரப்பு வெட்டு, வரப்போரம் புல் செதுக்கி அண்டை கழிப்பது, நாற்று சுமப்பது. கோடையில் உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கூட்டின மாத்திரையை ஆடியில் உழுகிற மனிதர் விழுங்கினார். மாத்திரைக்கு ஆள் மாறினது தெரியாது, அது பாட்டுக்கு வேலை செய்தது.

முதல் தடவை அது நடந்தபோது அவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். அமிர்தம் நாற்றங்காலில் இருந்தாள். ஏர் கோணலாகப் போவதைப் பார்த்து நிமிர்ந்தாள். அவர் மாட்டைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். அப்படிப் பேசுகிற மனிதரே இல்லை. நாக்குக் குழறியது, கை நடுங்கியது, சட்டையில்லாத உடம்பில் வேர்வை ஆறாக ஓடியது. வரப்பில் குடையோடு நின்றுகொண்டிருந்த இராஜாங்கம் மூக்கைச் சுளித்தார்.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டியாடா?"

சாராயக்கடையை மூடுவதும் திறப்பதுமாக இருந்து, மறுபடி திறந்துவிட்டிருந்த வருஷங்கள் அவை. ஊருக்கு ஊர் கடை. தள்ளாடுகிற ஆணைப் பார்த்தால் வேறெதையும் நினைக்க ஆளில்லை. ஓடிவந்தவர்கள் அவரை வரப்பில் உட்கார வைத்தார்கள். யாரோ புளித்த மோர் கொண்டுவந்து உப்புப் போட்டு வாயில் ஊற்றினார்கள். மோர் கொடுத்தால் தெளியும் என்பது ஊருக்கே தெரிந்த வைத்தியம். அமிர்தம் அவரைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோறு ஊட்டினாள். பசி மயக்கமாக இருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சோறு உள்ளே போனதும் கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தார்.

தெளிந்ததும் நடந்ததைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு" என்றார். "குடிகாரன்னே நெனச்சுக்கட்டும்."

"என்னங்க பேச்சு இது?"

"குடிகாரன் உழுவான் அமிர்தம். இந்த ஊர்ல பாதிப்பேரு குடிச்சிட்டுத்தான் உழுவுறான். சீக்காளிதான் உழ மாட்டான்."

அன்றிலிருந்து அது அவர்கள் வீட்டு ஏற்பாடாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு முறை சாராயக்கடை வாசலில் போய் நிற்பார். நாலு பேர் பார்க்கும்படி ஒரு கிளாஸ் வாங்குவார், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மிச்சத்தைத் துண்டில் தெளித்துக்கொண்டு வருவார். குடிக்காமல் குடிகாரராக இருக்க அவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது. அந்தத் துண்டைத் துவைக்கும்போது அமிர்தத்துக்குக் குமட்டும். கோபத்தில் கல்லில் அடிஅடியென்று அடிப்பாள்.

நாளடைவில் அவளே சிலவற்றைக் கண்டுகொண்டாள். வேலை அதிகமான நாளில், சாப்பாடு தள்ளிப்போன நாளில் அது வருகிறது. வெல்லம் கொடுத்தால் உடனே சரியாகிறது. சர்க்கரை வியாதிக்காரருக்கு வெல்லமா என்று முதலில் தயங்கினாள். கொடுத்தால் பிழைக்கிறார், வேறென்ன செய்வது? முந்தானையில் வெல்லக்கட்டியோடுதான் வயலுக்குப் போனாள். அவர் பேச்சில் லேசாகக் கோணல் தெரிந்தாலே, களை பறிப்பதை விட்டுவிட்டு ஓடுவாள். நாலு பேருக்கு எதிரில் குடிகாரப் புருஷனின் வாயில் இனிப்பு திணிக்கிற பெண்டாட்டியைப் பார்த்துக் களையெடுக்கிற பெண்கள் சிரித்தார்கள். "மாமாவுக்குத் தொட்டுக்கக் கேக்குதா அக்கா?" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து களை பறிப்பாள்.

டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். போகும்போதெல்லாம் டாக்டரும் கேட்பார்.

"நடுக்கம், திடீர்னு வேர்க்கிறது, கண் இருட்டுறது, இதெல்லாம் உண்டா?"

"இல்லீங்க" என்பார் வீரையன். கடைக்காரருக்கு எப்படி வரும்? டாக்டர் சந்தேகப்படக் காரணமில்லை. ஒருமுறை அமிர்தம் வாயைத் திறந்தாள். வீரையன் அவள் காலைத் தன் காலால் மிதித்தார், வலிக்கவே மிதித்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் போனது. அதற்குள் குடிகாரன் என்ற பெயர் ஊரைவிட்டு வெளியிலும் போய்விட்டது. மகள் வள்ளியம்மையை நீடாமங்கலத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், விசாரித்துவிட்டு வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். பையன் நல்ல பையன், வள்ளியம்மைக்கும் பிடித்திருந்தது. அமிர்தத்தின் அண்ணன் துரைக்கண்ணு வந்து நடுவாசலில் நின்று கத்தினார்.

"ஒம் புருஷன் குடிக்கிறதுக்கு எம் மருமவ பலியா? இனிமே இந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

வீரையன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அமிர்தத்துக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் புருஷன் உத்தமன், உன்னைவிட நல்லவன், சொல்லட்டுமா? சொல்லவில்லை. அண்ணன் போய்விட்டார், சொன்னபடி வரவுமில்லை. வள்ளியம்மையைப் பிறகு திருவாரூரில் ஒரு மெக்கானிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணப் பந்தியில் தாய்மாமன் இல்லாததை யாரும் கேட்காமல் இருக்கவில்லை.

வள்ளியம்மைக்கு ஒரு பையன் பிறந்தான். அதற்கடுத்த வருஷம் மழையும் இல்லை, ஆற்றில் தண்ணீரும் இல்லை. முறை வைத்துத்தான் விட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் நிச்சயமில்லை. பேரனுக்குக் காய்ச்சல் என்று ஆள் வர, அமிர்தம் விடிந்ததும் திருவாரூருக்குப் புறப்பட்டாள். கஞ்சியைக் காய்ச்சிச் சட்டியில் மூடிவைத்தாள். மாத்திரையை எடுத்து வைத்தாள்.

"மொதல்ல கஞ்சியக் குடிங்க, பொறவு மாத்திரையப் போடுங்க. வயலுக்குப் போகாதீங்க, நான் வந்துடறேன்."

"நான் என்ன சின்னப்புள்ளையா? நீ போயிட்டு வா" என்றார்.

அவர் மாத்திரையை முதலில் போட்டுக்கொண்டார். கஞ்சிச் சட்டியைத் திறப்பதற்குள் வாய்க்கால் பக்கமிருந்து குரல் வந்தது, தண்ணி வந்துட்டு, தண்ணி வந்துட்டு என்று. மேலேயிருக்கிறவர்கள் மடக்கிக்கொண்டால் அவர் வயலுக்குச் சொட்டு வராது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். மடையை வெட்டி, கசிந்த இடமெல்லாம் மண் அணைத்து, எல்லா வயலுக்கும் தண்ணீர் ஏற்றினார். வேலை நன்றாகவே நடந்தது.

உச்சிவேளைக்குமுன் பக்கத்து வயல் முருகையன் அவரைப் பார்த்தார். சேற்றில் உட்கார்ந்துகொண்டு மண்வெட்டியோடு பேசிக்கொண்டிருந்தார் வீரையன். முருகையன் நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். பார்த்தும் பார்க்காதது மாதிரி போகிறவர் இல்லை. தூக்கிவந்து புங்கமர நிழலில் படுக்கவைத்தார். தலையில் தண்ணீர் ஊற்றினார். தன் வீட்டுக்கு நடந்துபோய் மோர் வாங்கிவந்தார், அது பாதி வாயிலும் பாதி கழுத்திலும் போனது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று தன் துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார். நிழல் நகர்ந்தபோது மறுபடி வந்து, வெயில் படாமல் தள்ளிப் படுக்கவைத்துவிட்டுப் போனார். வரப்பில் போனவர்கள் வந்தவர்கள் எல்லாருமே பார்த்தார்கள். இன்றைக்குக் கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது என்றார்கள்.

அமிர்தம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கஞ்சி மூடினபடி இருந்தது. மாத்திரை இல்லை. அவள் ஓடின ஓட்டத்தை ஊர் அதுவரை பார்த்ததில்லை. புங்கமரத்தடியில் வெல்லத்தைக் கரைத்து அவர் வாயில் விட்டாள், உள்ளே இறங்கவில்லை, கடைவாயில் வழிந்தது. அவள் போட்ட கூச்சலில் ஊர் திரண்டது. "குடியில்லய்யா, குடியில்ல, அவருக்குச் சக்கரை, சக்கரை" என்று கத்தினாள். எத்தனையோ வருஷமாக மூடிவைத்தது அப்படி வெளியே வந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முருகையன் மட்டும் கையில் மோர்ச் செம்போடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னார்குடியில் குளுக்கோஸ் ஏற்றி, அங்கிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். வீரையன் பிழைத்துக்கொண்டார். கண் திறக்கச் சில நாளாயிற்று. திறந்த பிறகும் பழைய வீரையன் திரும்பி வரவில்லை. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் எங்கோ போய்த் தேடி எடுத்துவந்தார். சில சமயம் அமிர்தத்தைத் தன் தாயின் பெயர் சொல்லி ரெங்கம்மா என்று கூப்பிட்டார்.

டாக்டர் மீரா உசேன் அவளை உட்காரவைத்துக் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மளிகைக்கடை இல்லை என்றாள், வயல் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் கேட்டேனேம்மா. வர்றப்பல்லாம் கேட்டேனே" என்றார்.

"வேல நாள்ல எப்பப் பாத்தாலும் நீலமாத்தானேய்யா இருந்துச்சு. செங்கலே வராது. நீலம் நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நீலம்னா சிறுநீர்ல சர்க்கரை இல்லன்னு மட்டுந்தான் அர்த்தம். ரத்தத்துல அளவா இருந்தாலும் நீலந்தான், அதல பாதாளத்துக்குப் போனாலும் நீலந்தான். எறங்கினத அது சொல்லாதும்மா. ஒடம்புதான் சொல்லும். நடுங்கும், வேர்க்கும், பேச்சுக் குழறும். அத நீங்க என்கிட்ட சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

அவர் குரலிலும் அலுப்புத்தான் இருந்தது. "எல்லாரும் ஏறுனதுக்குத்தான் பயப்படுறாங்க. ஏறுறது கெடுதல்தான், வருஷக்கணக்குல கண்ணு, காலு, சிறுநீரகம்னு மெல்லத் தின்னும். எறங்குறது அப்படிக் காத்திருக்காது, மூளைய ஒரு பகல்லயே பட்டினி போட்டுடும். மேலயும் போகாம கீழயும் போகாம நிறுத்துறதுக்குப் பேருதான் வைத்தியம். ஒழைக்கிற நாளுக்கு ஒரு அளவு, உக்காந்த நாளுக்கு ஒரு அளவுன்னு நான் பிரிச்சுக் குடுத்திருப்பேன். ஓய்வெடுன்னு ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டேன். இந்த வியாதிக்கு ஒழைப்பு நல்லதும்மா."

அமிர்தம் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வழக்கில் மறு வாய்தா வந்தது. வீரையனைக் கூட்டிப்போக முடியாது, அவருக்குப் பதில் அவள்தான் போய் நின்றாள். நிலம் போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனாள். ஒளிக்க இனி ஒன்றுமில்லை, ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் இராஜாங்கத்தின் வக்கீல், வீரையன் குடித்துக் குடித்து மூளை கெட்டுப்போன மனிதர், அவரா பயிர் செய்தார் என்று கேட்டார். அதைக் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்தோ கோபம் சுறுசுறுவென்று வந்தது.

"பொய்யிங்கய்யா. அவரு குடிச்சதே இல்ல. அவருக்குச் சக்கரை வியாதி. நெலம் போயிடுமோன்னு பயந்து குடிகாரன்னு பேரு வாங்கிக்கிட்டாரு."

வக்கீல் துள்ளினார். "பார்த்துக்குங்க சார். நோயாளின்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நோயாளி எங்கேயிருந்து உடலுழைப்பைக் குடுத்தாரு?"

அந்த ரெவின்யூ கோர்ட்டில் வழக்கை விசாரித்த அதிகாரி நரைத்த தலை, அவசரமில்லாத மனிதர். வக்கீலைக் கையமர்த்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உழவு யாரும்மா?"

"அவருதாங்க. சீக்கோடவே உழுதாரு."

"நாத்துப் பறிச்சது?"

"நாந்தாங்க."

"நடவு?"

"நானும் எதிர்வீடு பக்கத்துவீட்டுப் பொம்பளைங்களும். மாத்தி மாத்திப் போயி நட்டுக்குவோங்க."

"களை? அறுப்பு? தூத்துறது?"

"எல்லாம் நாந்தாங்கய்யா. வேற யாரு இருக்கா?"

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். வக்கீலைப் பார்த்துத்தான் படித்தார், தமிழில் சொன்னதால் அவளுக்கும் புரிந்தது. குத்தகைக்காரர் தம் உடலுழைப்பையோ, தம் குடும்பத்தார் உடலுழைப்பையோ கொடுத்தால் போதும். "இந்தம்மா அவர் குடும்பந்தானே? அவருக்கு உடம்புக்கு முடியலேன்னா வழக்குக்கு அதனால என்ன?"

அமிர்தம் ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயா, இது இப்பப் புதுசா வந்த சட்டங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. மொதல்லேருந்தே அப்படித்தான் இருக்கு."

வெளியே வந்தபோது செல்லதுரை ஆனந்தத்தில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். "கேஸு நமக்குத்தான் அண்ணி, உத்தரவு கைக்கு வரவேண்டியதுதான் பாக்கி" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நின்றான். "குடும்பத்தாரும்னு இருக்கு, ஆமா அண்ணி. ஒழைப்புன்னா அண்ணன்னுதான் தோணுச்சு. நம்ம யாருக்குமே ஒங்க ஞாபகம் வரலயே."

அவளுக்கே வரவில்லையே, அவனைச் சொல்லி என்ன? நாற்றங்காலில் குனிந்தது முதல் களத்தில் தூற்றினதுவரை அவள் கைதான். அதையெல்லாம் ஒருநாளும் உழைப்பு என்ற கணக்கில் அவள் வைத்ததில்லை. வேலை என்று வைத்திருந்தாள், அவ்வளவுதான். பஸ் எப்போது என்று மட்டும் அவனிடம் கேட்டாள். வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, அழுகை வருமா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். வரவில்லை. உடம்பெல்லாம் வலித்தது.

வீட்டில் துணைக்கிருந்த வள்ளியம்மை, அப்பா சாப்பிடாமல் காத்திருக்கிறார் என்றாள். வீரையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எதையோ கேட்க வாயெடுத்தார். வார்த்தை சிக்கவில்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தாள்.

"கோர்ட்டு" என்றார்.

"ஆமாங்க, போயிட்டு வந்துட்டேன். நெலம் நமக்குத்தான்."

அவர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. அக்கம்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். அவள் பக்கமாகச் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். பேரனின் பெயர் மறந்துவிட்டது, தன் வயல் எந்தத் திசையில் என்பது மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை.

"நீ... சக்கரைன்னு... சொல்லிடலியே?"

அமிர்தம் அவர் முகத்தையே பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த பயம் உண்மையான பயம்.

"சொல்லலீங்க" என்றாள்.

"குடின்னுதான சொன்ன?"

"ஆமா. குடிகாரன்னுதான் சொன்னேன்."

வீரையன் நிம்மதியாகச் சிரித்தார். "கெட்டிக்காரி" என்று அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"சாப்பிடுங்க மொதல்ல, பொறவு மாத்திரை" என்றாள் அமிர்தம். சோறு போட எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கத்தான் அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.